பத்தாவது முடித்த பையன் கார் ஏசி வேலைக்குப் போகட்டுமா?

அம்மா, "கேஸ் அடிக்கிற வேலைக்கெல்லாம் எதிர்காலம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேஸ் அடிக்க மட்டும் தெரிந்தவனுக்கு அவ்வளவாக இல்லை. ஏசி கேஸை அழுத்தி ஓடவைக்கும் கம்ப்ரசர் ஏன் போனது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் பையன் இந்த இரண்டில் எவனாக வருவான் என்பது அவன் முதலில் எங்கே கற்றுக்கொள்கிறான் என்பதைப் பொறுத்தது. அதனால் கடையில் சேர்ப்பதற்கு முன் அந்த வேலை எப்படிப்பட்டது என்று நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்ப்ரசர் மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். பெல்ட்டைத் தளர்த்தி, இரண்டு பைப்பையும் கழற்றி, மூன்று நான்கு போல்ட்டை எடுத்தால் பழையது கையில் வந்துவிடும். இதை ஒரு மாதத்தில் யாரும் பழகிவிடலாம். கஷ்டம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

பைப்பைக் கழற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் கேஸை ரெகவரி மெஷினில் பிடிக்க வேண்டும். காற்றில் திறந்துவிடக் கூடாது. கழற்றிய பைப் முனைகளை உடனே மூட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரசருக்கு ஊற்றும் பிஏஜி ஆயில் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போன ஈரம் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். கேஸ் விரிந்து குளிரும் எக்ஸ்பேன்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கவும் செய்யும்.

பழைய கம்ப்ரசர் ஜாம் ஆகி நின்றிருந்தால் அதன் உலோகத் தூள், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் வரை போயிருக்கும். இப்போதைய கார் கண்டன்சர்களில் குழாய்கள் மிக மெல்லியவை. ஃபிளஷ் செய்து உள்ளே கழுவினாலும் தூள் முழுதாக வெளியே வராது, கண்டன்சரையே மாற்றுவதுதான் வழி. ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரும், இணைப்புகளில் கசியாமல் அடைக்கும் ரப்பர் ஓ-ரிங்குகளும் கட்டாயம் புதிதாகப் போட வேண்டும். செலவு ஏறுகிறதே என்று இவற்றை விட்டுவிட்டால் புதுக் கம்ப்ரசரும் சில மாதங்களில் அதே தூளைத் தின்று நிற்கும். கஸ்டமரோடு சண்டை தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆயில் கணக்கு இன்னும் நுணுக்கமானது. புதுக் கம்ப்ரசர் சிலவற்றில் மொத்த சிஸ்டத்துக்கும் வேண்டிய ஆயில் ஏற்கெனவே இருக்கும், சில காலியாக வரும். பழையதிலிருந்து வடிந்தது 60 மில்லி, புதியதில் இருப்பது 120 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே மாட்டினால் ஆயில் அதிகமாகி கூலிங் காயிலில் படிந்து குளிர்ச்சி குறையும். குறைத்து ஊற்றினாலோ கம்ப்ரசர் ஜாம் ஆகும். மாற்றிய கண்டன்சருக்கும் டிரையருக்கும் கம்பெனி சொல்லும் அளவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கூட்டல், கழித்தல் தெரியாமல் இந்த வேலை ஓடாது!

மாட்டியதும் கம்ப்ரசரின் முன்பக்கமிருக்கும் கிளட்ச் தட்டைக் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். உள்ளே தேங்கிய ஆயில் நகராவிட்டால் ஸ்டார்ட் செய்தவுடனே வால்வு அடிபடலாம். பிறகு 30 முதல் 45 நிமிடம் வேக்யூம் போட்டு, அதாவது பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, பம்பை நிறுத்தி, கேஜ் முள் ஏறுகிறதா என்று கால் மணி நேரம் பார்க்க வேண்டும். ஏறினால் எங்கோ லீக். கேஸைத் தராசில் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். சென்னை வெயிலில் கேஜ் அழுத்தத்தை மட்டும் பார்த்து அடித்தால் அளவு தப்பும். கண்டன்சர் ஃபேன் ஓடாத வண்டியில் கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கத்தில் (ஹை சைடு) அழுத்தம் எகிறி கம்ப்ரசரைக் கொன்றுவிடும். ஆகவே ஃபேனைப் பார்க்காமல் கம்ப்ரசர் மாற்றுவது காசைக் கரியாக்குவது.

இப்போது உங்கள் பையன் விஷயம். நேராகக் கடைக்கு அனுப்பாதீர்கள், முதலில் ஐடிஐ. கிண்டி, அம்பத்தூர் அரசு ஐடிஐகளில் விசாரியுங்கள். குளிர்பதனம்-ஏசி பிரிவு, மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டுமே பத்தாவது தகுதி, 2 ஆண்டுப் படிப்பு. கார்தான் வேண்டும் என்றால் மோட்டார் வாகனப் பிரிவு. வீட்டு ஏசி, குளிர்பதனக் கிடங்கு என்று வேறு கதவுகளும் திறந்திருக்கட்டும் என்றால் குளிர்பதனம்-ஏசி பிரிவு. நிச்சயமில்லாத பையனுக்கு அதுவே நல்லது. பிறகு படிப்பைத் தொடர ஆசை வந்தால் டிப்ளமோவில் நேரடியாக 2ஆம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஐடிஐயிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

எலெக்ட்ரிக் கார் வந்தால் இந்த வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அதிலும் கம்ப்ரசர் உண்டு. ஆனால் அது சில நூறு வோல்ட்டில் ஓடும் மின்சாரக் கம்ப்ரசர். அதற்குப் பெரும்பாலும் மின்சாரம் கடத்தாத பிஓஇ ஆயில்தான். பிஏஜி கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெடும். அந்த உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற ஒயரைப் பயிற்சி இல்லாமல் தொடக் கூடாது.

வருமானம் சீசனோடு ஏறி இறங்கும். மார்ச் முதல் ஜூன் வரை மூச்சுவிட நேரமிருக்காது, மழைக்காலத்தில் கடை மந்தம். பழகும் காலத்தில் சம்பளமும் குறைவாகத்தான் இருக்கும்.

பின்னால் கடை பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். வேக்யூம் பம்ப், தராசு, ரெகவரி மெஷின் மூன்றும் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சென்னையில் கார் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அடுத்த கடைக்கு நடங்கள்.