படுகாயமடைந்தவரை நேராக அறுவை அரங்குக்குக் கொண்டுபோகாமல் ஒரு மூடிய அறையில் ஏன் வைத்திருக்கிறார்கள்?

விபத்தில் சிக்கிய உறவினரை மருத்துவமனையில் சேர்த்த பிறகு அரை மணி நேரம் ஒரு மூடிய அறைக்குள் வைத்திருந்ததாகவும், உடைந்து கோணியிருந்த காலை அதுவரை யாரும் சரிசெய்யவில்லை என்றும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அத்தகைய அறையில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். அங்கே பெரும்பாலும் நேரம் வீணாவதில்லை. வேலை நடக்கும் வரிசைதான் வெளியே காத்திருப்பவர் எதிர்பார்க்கும் வரிசையாக இருப்பதில்லை.

உயிர்மீட்பு அறை என்றும், எங்கள் பேச்சில் வெறுமனே 'ரீசஸ்' என்றும் சொல்லப்படும் அந்த இடத்தில், "இவருக்கு என்னென்ன காயங்கள்?" என்ற கேள்வி பிறகுதான் வரும். "அடுத்த சில நிமிடங்களில் இவர் உயிரை எது பறிக்கக்கூடும்?" என்பதே முதல் கேள்வி. அதனால்தான் மூச்சுவழி, சுவாசம், ரத்த ஓட்டம், மூளையின் நிலை, இறுதியாக உடைகளை வெட்டி நீக்கி உடல் முழுவதையும் பார்ப்பது என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். ரத்தம் பீறிட்டு வந்தால் மட்டும் அதை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் முந்தும். இந்த ஒழுங்கு உலகெங்கும் பரவியதற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் வயலில் விழுந்து, மனைவி இறந்தார், குழந்தைகள் காயமடைந்தனர். அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் கிடைத்த கவனிப்பு அவரை அதிர வைத்தது. அவர் சகாக்களுடன் சேர்ந்து உருவாக்கிய பயிற்சி 1978இல் தொடங்கியது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது.

நான் பணிக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். காலெலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்ததால் என் கண் அதிலிருந்து நகரவில்லை. "காலை அப்புறம் பார்க்கலாம்மா, நெஞ்சைப் பார்" என்றார் மூத்த செவிலியர். ஒரு பக்க மார்பு ஏறி இறங்கவே இல்லை. நுரையீரலுக்கு வெளியே காற்று அடைபட்டு இதயத்தை அழுத்திக்கொண்டிருந்தது. மருத்துவர் எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திராமல் மார்பில் ஊசியைச் செலுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியேற, நழுவிக்கொண்டிருந்த நாடி மீண்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. மார்பில் குழாய் போட்ட பிறகே காலை நேராக்கிக் கட்டினோம். உங்கள் உறவினரின் கால் காத்திருந்ததற்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம்.

மிகுந்த உழைப்பை வாங்குவது ரத்தப்போக்குதான். மார்பு, வயிறு, இடுப்பெலும்புக் கூடு, தொடை ஆகிய இடங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கியும் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் இருக்கலாம்; ஆகவே படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் கருவியால் தேடுகிறோம், இடுப்பெலும்பு உடைந்ததாகச் சந்தேகம் வந்தால் பட்டையால் இறுக்குகிறோம். வெறும் உப்பு நீரை ஏற்றிக்கொண்டே போனால், எஞ்சியிருக்கும் ரத்தமும் நீர்த்து, உறையும் தன்மையை இழந்துவிடும். எனவே ரத்த வகை தெரியும் முன்பே ஓ வகை ரத்தத்தைத் தொடங்கி, சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு ஆகியவற்றை ஏறத்தாழச் சம அளவில் கொடுக்கிறோம். சேமித்த ரத்தம் உறையாமலிருக்கக் கலந்திருக்கும் சிட்ரேட் என்ற பொருள் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அதையும் ஈடுகட்ட வேண்டும். உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற எளிய மருந்து இறப்பைக் குறைக்கிறது என்று 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட கிராஷ்-2 ஆய்வு காட்டியது. ஆனால் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன், பிந்தினால் தீங்கும் நேரலாம்.

குளிரும் ஒரு கொலைகாரன். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்க இறங்க ரத்தம் உறைவது தடுமாறும். ரத்தம் போகப் போக உடல் மேலும் குளிரும், அமிலத்தன்மையும் ஏறும். இந்த மூன்றும் ஒன்றையொன்று வளர்த்துவிடும் சுழலில் சிக்கியவரை மீட்பது கடினம். ஆகையால் அறையைச் சூடாக வைத்து, ஏற்றும் ரத்தத்தையும் சூடேற்றியே செலுத்துகிறோம். நாங்கள் வியர்த்து ஒழுகியபடி வேலை செய்வோம், ஏ.சி.யைக் கூட்டச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

உள்ளே கூச்சலும் ஓட்டமுமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுங்கான குழுவில் அப்படி இருக்காது. ஆம்புலன்ஸ் பணியாளர் நடந்ததைச் சொல்லும்போது அனைவரும் வாய்மூடிக் கேட்பார்கள். தலைமை மருத்துவர் நோயாளியைத் தொடாமல் கால்மாட்டில் நிற்பார்; கையை வேலையில் விட்டால் முழுக் காட்சியும் கண்ணிலிருந்து நழுவிவிடும். அவர் ஒரு மருந்தைச் சொன்னால், கொடுப்பவர் அதன் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்வார், கொடுத்தபின் "கொடுத்தாயிற்று" என்பார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருப்பார்.

உங்கள் சந்தேகத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. உள்ளே நிற்காமல் ரத்தம் கசிந்து, எவ்வளவு ஏற்றியும் ரத்த அழுத்தம் எழவில்லையென்றால், ஸ்கேனுக்குக்கூட அனுப்பாமல் நேராக அறுவை அரங்குக்குத்தான் போக வேண்டும். அந்த நிலையில் இந்த அறையில் தங்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே. ஓரளவு நிலைப்பட்டவரை மட்டுமே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பலாம்.

வெளியே நிற்பவருக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்ற குறையை மறுக்க மாட்டேன். அது எங்கள் தரப்பின் தவறு. ஆனால் உங்களிடமிருந்து எங்களுக்குத் தேவைப்படும் செய்திகள் சில இருக்கின்றன: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, எந்த மருந்தாவது ஒவ்வாதா, வேறு நோய் உண்டா, கர்ப்பமாக இருக்கிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார். யாராவது வந்து கேட்கும்வரை காத்திராமல், கதவருகே வரும் முதல் செவிலியரிடமே இவற்றைச் சொல்லிவிடுங்கள்.