துடைக்கத் துடைக்க ஒட்டும் தூசி

ஐயா, வணக்கம்.

இசைத்தட்டைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் வெல்வெட் துணியால் அழுத்தித் துடைக்கிறேன். ஆனாலும் முள்ளை வைப்பதற்குள் மறுபடி தூசி ஒட்டிக்கொள்கிறது, பாட்டுக்கு நடுவே படபடவென்று சத்தம் வருகிறது. நிலைமின்சாரத்தை நீக்கும் துப்பாக்கி வாங்கலாமா? நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளும் (78 தட்டுகள்) சில வைத்திருக்கிறேன். அவற்றையும் இதே முறையில் சுத்தம் செய்யலாமா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் துடைப்பதுதான் தூசியை வரவழைக்கிறது. இசைத்தட்டு செய்யும் வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். உரசினால் எளிதில் மின்னூட்டம் ஏறும். மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்பதால் ஏறியது லேசில் இறங்காது. உலர்ந்த துணியால் தேய்த்தாலும் சரி, காகித உறையிலிருந்து வேகமாக உருவினாலும் சரி, இதுதான் நடக்கும். அப்புறம் பக்கத்தில் மிதக்கும் தூசியையெல்லாம் தட்டு இழுத்துக்கொள்ளும்.

முதலில் சத்தம் எதனால் என்று பாருங்கள். அதே பக்கத்தை இன்னொரு முறை ஓட்டுங்கள். சொடுக்கு அதே இடத்தில் வந்தால் அழுக்கு அல்லது கீறல். இடம் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் நிலைமின்.

வெல்வெட்டை விட்டுவிட்டு கார்பன் ஃபைபர் பிரஷ்ஷுக்கு மாறுங்கள். அதன் இழைகள் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் மின்னூட்டம் வெளியேற வழி வேண்டும், அதனால் பிரஷ்ஷின் உலோகப் பகுதியில் விரல் பட்டிருக்கட்டும். தட்டு சுழலும்போது இழைகளின் நுனி மட்டும் தொடும்படி வைத்து, ஓரிரு சுற்று கழித்து மெல்ல விளிம்பு வழியாக வெளியே நகர்த்துங்கள். அழுத்தவே கூடாது. டர்ன்டேபிளில் ஃபெல்ட் விரிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள், அதுவும் நிலைமின்னைக் கிளப்பும்.

துப்பாக்கி வேலை செய்யும். விசையை மெதுவாக அழுத்தும்போது நேர் அயனிகளும், மெதுவாக விடும்போது எதிர் அயனிகளும் வரும். சடக்கென்று அழுத்தினால் பயனில்லை. ஆனால் அது மின்னூட்டத்தைத்தான் நீக்கும், முள் ஓடும் தடத்துக்குள் படிந்த அழுக்கைத் தொடாது. என்னைக் கேட்டால், அந்தப் பணத்தை முதலில் நல்ல உள்ளுறைகளுக்குச் செலவிடுங்கள்.

நிலையான தீர்வு ஈரச் சுத்தம்தான். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். நடு லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் வடித்த நீரால் இன்னொரு முறை அலசுங்கள். இதை விட்டுவிட்டால் சோப்பே தடத்தில் காய்ந்து புதிய அழுக்காகிவிடும். குழாய்த் தண்ணீரும் கூடாது, அதிலுள்ள உப்புகள் படியும். முழுக்க உலர்ந்ததும் பாலித்தீன் பூசிய புதிய உள்ளுறையில் வையுங்கள். பழைய காகித உறைக்கே திருப்பி அனுப்பினால் கழுவியது வீண். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் நிலைமின் தொல்லையும் குறையும்.

78 தட்டுகளில் கவனமாக இருங்கள். அவை பெரும்பாலும் அரக்கில் செய்தவை, ஆல்கஹால் பட்டால் கரையும். கடையில் விற்கும் பல திரவங்களில் ஆல்கஹால் உண்டு, பார்த்து வாங்குங்கள். வடித்த நீரில் நனைத்த துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும், ஊறவைக்காதீர்கள். அவற்றின் தடமும் அகலமானது, அதனால் 78க்கு உரிய முள்ளையே பயன்படுத்துங்கள்.