கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி: எல்லைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

முதலில் ஒரு வார்த்தை. 2004 தேர்தல் வரை தொகுதியின் பெயர் நாகர்கோவில். 2009 முதல் கன்னியாகுமரி. மாறியது பெயர் மட்டுமல்ல, எல்லையும்தான். நாகர்கோவில் என்று இன்றைக்கு இருப்பது சட்டமன்றத் தொகுதி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் கேளுங்கள்.

களியக்காவிளை: அண்ணாச்சி, முதல் எம்.பி. யாராக்கும்? தாத்தா நேசமணி என்கிறார். 1952 சென்னை மாநிலப் பட்டியலில் அவர் பேரே இல்லையே?

தாத்தா சொன்னது சரி, நீங்கள் தேடின பட்டியல்தான் தப்பு. 1952இல் நாகர்கோவில் இருந்தது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில். மார்ஷல் நேசமணி அங்கே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில் வென்றார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். ஆகவே 1957 முதல்தான் சென்னைப் பட்டியலில் கிடைக்கும்.

1957இல் தாணுலிங்க நாடார், 1962இலும் 1967இலும் மறுபடி நேசமணி. இப்போது இந்திய தேசிய காங்கிரஸ். 1968இல் அவர் மறைந்ததால் 1969 ஜனவரியில் இடைத்தேர்தல். 1967இல் விருதுநகர் சட்டமன்றத்தில் 1,285 வாக்கில் தோற்றிருந்த காமராஜர் இங்கே நின்று ஒரு லட்சத்துக்கும் அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார். 1971இலும் அவரே, பிரிந்துபோன ஸ்தாபன காங்கிரஸ் சார்பில். 1977இல் குமரி அனந்தன். 1980 முதல் 1998 வரை ஆறு தேர்தலிலும் என். டென்னிஸ், முதல் நான்கு காங்கிரஸ், கடைசி இரண்டு தமிழ் மாநில காங்கிரஸ். 1999 பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன், 2004 மார்க்சிஸ்ட் பெல்லார்மின், 2009 திமுகவின் ஹெலன் டேவிட்சன், 2014 மறுபடி பொன். ராதாகிருஷ்ணன், 2019 காங்கிரஸின் வசந்தகுமார், அவர் 2020 ஆகஸ்டில் மறைந்தபின் 2021 இடைத்தேர்தலிலும் 2024இலும் காங்கிரஸின் விஜய் வசந்த்.

1969, 2021 இரண்டும் இடைத்தேர்தல். பொதுத்தேர்தல் புள்ளிவிவரத் தொகுப்பில் இருக்காது. "காமராஜர் 1971இல்தான் முதலில் வென்றார்" என்று பலர் எழுதுவது இதனால்தான்.

பாறசாலை: அப்பா வழி வீடு குமரி மாவட்டக் கொல்லங்கோட்டில், நான் குடியிருப்பது கேரளத்துப் பாறசாலையில். இரண்டு பட்டியலிலும் பெயர் இருக்கிறது. ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

ஒரு இடத்தில்தான் இருக்கலாம். வீடோ தோட்டமோ சொந்தமாக இருப்பதால் மட்டும் அங்கே வாக்காளராக முடியாது. வழக்கமாகக் குடியிருக்கும் இடம்தான் கணக்கு. உங்களுக்குப் பாறசாலை. கொல்லங்கோடு பெயரை நீக்க அந்தத் தொகுதியில் படிவம் 7 கொடுங்கள். உங்கள் பெயரை நீக்கச் சொல்லி நீங்களே கேட்கலாம்.

இனிமேல் குடிமாறுகிறவர்களுக்கு: படிவம் 6 போடாதீர்கள், அது புதிதாகச் சேருகிறவர்களுக்கு. இடமாற்றத்துக்குப் படிவம் 8. மாநிலம் மாறினாலும் அதுவேதான். புது ஊரில் முகவரிச் சான்றோடு கொடுத்தால் பழைய வாக்காளர் அட்டை எண் கூடவே வரும், பழைய இடத்துப் பதிவு நீங்கும். எல்லையில் நடக்கிற தப்பு எப்போதும் ஒன்றுதான். அவசரத்தில் படிவம் 6 கொடுத்து, "வேறெங்கும் பெயர் இல்லை" என்ற உறுதிமொழியில் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இன்னொன்று. 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26. 2014இல் கேரளம் ஏப்ரல் 10, தமிழ்நாடு 24. தேதி வேறு என்பதால் இரண்டு இடத்திலும் போடலாம் என்று டீக்கடையில் சொல்வார்கள். நாள் வேறானாலும் பொதுத்தேர்தல் ஒன்றே. இரண்டு இடத்தில் போட்டால் இரண்டு வாக்குமே செல்லாது.

சித்தூர்: எங்கள் தொகுதி வரலாறும் சொல்லுங்களேன்.

எந்தச் சித்தூர்? பாலக்காட்டுச் சித்தூர் ஆலத்தூர் மக்களவைத் தொகுதிக்குள் வரும், ஆந்திரச் சித்தூர் தானே ஒரு மக்களவைத் தொகுதி. ஆலத்தூரும் தனித்தொகுதி, ஆந்திரச் சித்தூரும் தனித்தொகுதி. இரண்டுமே என் வேலிக்கு வெளியே.

மார்த்தாண்டம்: 2014இல் பாஜக ஜெயித்தது ஓட்டு பிரிந்ததால் மட்டும்தானே?

எண்களைப் பாருங்கள். பாஜக 3,72,906. காங்கிரஸ் 2,44,244. அதிமுக 1,76,239. திமுக 1,17,933. மார்க்சிஸ்ட் 35,284. காங்கிரஸ், திமுக, மார்க்சிஸ்ட் மூன்றையும் கூட்டினால் 3,97,461. சேர்ந்து நின்றிருந்தால் 24,555 அதிகம். பிரிந்ததுதான் காரணம் என்பதில் பாதி உண்மை.

மார்த்தாண்டம்: ஏன் பாதி? கணக்கு நேராக வருகிறதே அண்ணாச்சி.

தக்கலை: கூட்டினால் வருமா? கட்சிக்காரன் சொன்னால் ஓட்டு மாறிவிடுமா?

தக்கலைக்காரர் கேட்டதுதான் விஷயம். அதே கூட்டலை 2019க்குப் போட்டுப் பாருங்கள். பாஜகவும் அதிமுகவும் ஒரே அணி: 3,72,906உடன் 1,76,239 சேர்த்தால் 5,49,145 வரவேண்டும். வந்தது 3,67,302. எதிரணிக்கு 3,97,461 வரவேண்டும். வந்தது 6,27,235. கூட்டல் ஒரு பக்கம் பொய்த்தது, மறுபக்கம் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தது. அதிமுக வாக்கில் பெரும்பகுதி கூட்டணி சொன்ன பக்கம் போகவில்லை என்றுதான் இதைப் படிக்க முடியும்.

மார்த்தாண்டம்: அப்படியானால் 2024இல் அதிமுக தனியாக நின்றபோது பாஜக விழுந்திருக்கணுமே?

விழவில்லையே. 3,66,341. மூன்றையும் வரிசையாக வையுங்கள்: 3,72,906, 3,67,302, 3,66,341. பல முனையில் ஜெயிக்க வைத்த அதே எண் நேருக்கு நேர் மோதியபோது 2,59,933 வித்தியாசத்தில் தோற்க வைத்தது. அதிமுக பிரிந்தாலும் எண் அசையவில்லை. 2024இல் அதிமுக நான்காமிடம், நாம் தமிழர் மூன்றாமிடம்.

தக்கலை: 2021ஐ விட்டுவிட்டீர்கள். அதில் 4,38,087.

விடவில்லை, அங்கேதான் வந்துகொண்டிருந்தேன். அன்று சட்டமன்றத்துக்கும் அதே நாள் வாக்கு. பூத்தில் இரண்டு இயந்திரம், அதிமுக வேட்பாளர்களும் ஊர் ஊராகப் போகிற நாள். கூட்டணி வேலை செய்தது அப்போது மட்டும்தான். அப்படியும் பாஜக 1,37,950 வாக்கில் தோற்றது. இதற்கு மேல் மார்த்தாண்டமும் தக்கலையும் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பேசிக்கொள்ளுங்கள்.

குழித்துறை: 2004இல் மார்க்சிஸ்டுக்கு 4,10,091, 2009இல் 85,583தான். இவ்வளவு சரிவா?

எல்லை! 2004 வரை கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் மக்களவையில் இருந்தது. நம் தொகுதியில் திருவட்டார் இருந்தது, அது 2008 மறுசீரமைப்பில் கலைந்தது. இப்போதைய ஆறு: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். அதோடு 2004இல் பெல்லார்மின் திமுக, காங்கிரஸ் சேர்ந்த அணியின் வேட்பாளர். 2009இல் அந்த அணிக்கு எதிரே நின்றார்.

நெய்யாற்றின்கரை: குமரியில் ஜெயிக்கிற கட்சிதான் டெல்லியில் ஆட்சி என்கிறார்களே?

1971, 1989, 1998, 2019, 2024. ஐந்திலும் இல்லை. மாநில அலையோடும் எப்போதும் போகாது: 1977இல் அதிமுக அணி தமிழ்நாட்டை வாரியபோது இங்கே குமரி அனந்தன், 2014இல் அதிமுக 37 எடுத்தபோது இங்கே பாஜக. அதிமுக இந்த மக்களவைத் தொகுதியில் ஒருமுறைகூட வென்றதில்லை. திமுக ஒரே முறை, 2009.

கருங்கல்: எங்கள் பூத் கணக்கு மட்டும் எடுப்பது எப்படி?

படிவம் 20. தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் சட்டமன்றப் பகுதி வாரியாகக் கிடைக்கும், உங்களுக்குக் கிள்ளியூர். அதே ஆண்டின் வாக்குச்சாவடிப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள்; பூத் எண் தேர்தலுக்குத் தேர்தல் நகரும், ஆகவே எண்ணை வைத்து ஒப்பிடாமல் பள்ளிக்கூடப் பெயரை வைத்து ஒப்பிடுங்கள். பல கோப்புகள் ஸ்கேன் படம்தான், 3ம் 8ம் மாறித் தெரியும். ஒவ்வொரு வரியிலும் வேட்பாளர் வாக்குகளைக் கூட்டி "செல்லத்தக்க வாக்கு" கட்டத்தோடு சரிபாருங்கள். நோட்டா அதற்கு வெளியே தனிக் கட்டம். சேர்த்துக் கூட்டினால் இடிக்கும். ஆறு பகுதியைக் கூட்டியும் அறிவித்த மொத்தம் வரவில்லை என்று பதறவேண்டாம், தபால் வாக்கு கடைசியில் தனியாகச் சேரும்.

மூணாறு: தேவிகுளம் எங்கே வரும்?

இடுக்கி. 1977 முதல்.

வடசேரி: 2021இல் நாகர்கோவிலில் பாஜக எம்.ஆர். காந்தி ஜெயித்தாரே. நீங்கள் காங்கிரஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்துங்கள்.

மக்கா, அது சட்டமன்றம். மேலே போய் முதல் பத்தியைப் படி.