காப்பீட்டு அட்டை இருக்க ஜி.ஹெச். எதற்கு?

வணக்கம் ஐயா,

அரசு மருத்துவமனைகளுக்கு இன்னும் நிதி ஒதுக்க வேண்டும், ஆள் போட வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை.

நான் ஒரு ஜவுளி யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். போன ஆவணியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தோம். எங்கள் கையிலிருந்து போனது கேன்டீன் சாப்பாடும் பஸ் காசும்தான். மரியாதையாக நடத்தினார்கள். அம்மாவுக்குச் சுகரும் பிரஷரும் உண்டு. மாதாமாதம் எங்கள் ஊர் ஜி.ஹெச்.சுக்குப் போகிறார். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை என்று அரைநாள் போய்விடுகிறது. டாக்டர் தலைநிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை என்கிறார்.

என் கேள்வி நேரானது. இந்த ஆஸ்பத்திரிகளைக் கட்டி மேய்க்கிற பணத்தை அப்படியே காப்பீட்டில் போட்டு, குடும்பத்துக்கு 5 லட்சம் என்பதை 10 லட்சமாக்கிக் கொடுத்துவிட்டால் என்ன? ஏழையும் நல்ல ஆஸ்பத்திரியில் படுக்கட்டுமே. அரசாங்கத்துக்கு எதற்கு ஆஸ்பத்திரி நடத்துகிற வேலை?

கே.எஸ்.,
கரூர் மாவட்டம்

*

அன்புள்ள கே.எஸ்.,

அப்பா தேறிவிட்டார் என்பதில் மகிழ்ச்சி. அந்த அட்டையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சர் பெயருக்கு மாறி, 2018-இல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்து 5 லட்சமாக வளர்ந்தது அது. ஆட்சிகள் மாறியும் கைவிடப்படாத ஒரு நல்ல காரியம். அது எத்தனையோ குடும்பங்களின் நகையையும் நிலத்தையும் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் அதன்பிறகு தினமும் மாத்திரை போட வேண்டும், ஆயுள் முழுக்க. அப்பாவின் மாத்திரையை எங்கே வாங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அட்டையைக் காட்டி வாங்க முடியாது. பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து, இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த பேக்கேஜுக்குள் வந்தால்தான் அட்டை வேலை செய்யும். வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று நீளும் பட்டியல் உங்கள் சம்பளத்தில் இருந்து போக வேண்டும், அல்லது அம்மா நிற்கும் அதே வரிசையில் இருந்து வர வேண்டும்.

அந்த வரிசையின் முடிவில் இருக்கும் மாத்திரை ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. அம்மா கொண்டுவரும் மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள், 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கல்ல' என்ற முத்திரை இருக்கும். அதை வாங்கி அனுப்புவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்து கொள்முதலில் நடந்த முறைகேடுகள் சந்தி சிரித்த பிறகு, 1994-இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. மாவட்டந்தோறும் கிடங்கு வைத்தார்கள். மருந்தைக் கம்பெனிப் பெயரில் வாங்காமல் மூலப்பெயரில் வாங்கினார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைப்பார்கள். டாக்டர் தன் ஊரில் என்ன நோய் அதிகமோ அதற்கான மருந்தைக் கிடங்கில் எடுத்துக்கொள்ள, அந்தத் தொகை கழியும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், இதன் அருமை உங்களுக்குப் புரியும். மேலிடம் தள்ளிவிட்டதை வாங்கி அடுக்கிக் காலாவதியாக விடும் பழக்கத்தை இந்தச் சின்ன நோட்டுப் புத்தகம்தான் கட்டுப்படுத்தியது. மருந்து ஒதுக்கீட்டில் 90 சதவீதம் கழகத்துக்கு, அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள 10 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு என்று பிரித்தார்கள்.

தர சோதனையிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. வந்திறங்கும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண் மட்டும் போட்டு வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யார் சரக்கைச் சோதிக்கிறோம் என்பது சோதிப்பவருக்குத் தெரியாது. சரக்கு தேறினால்தான் பணம். இந்த முறையைப் பார்த்துத்தான் ராஜஸ்தான் தனக்கென ஒரு கழகம் அமைத்து, 2011 அக்டோபர் 2-ஆம் தேதி இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. நாம் பெருமைப்பட வேண்டிய பட்டியலில் இது ஏனோ வருவதே இல்லை. பாலம் திறந்தால் பேனர் வைக்கிறோம், பாஸ்புக்குக்கு யார் வைப்பார்கள்!

ராஜஸ்தானைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் கேட்கும் 10 லட்சம் அட்டையை அவர்கள் 2022-இல் கொடுத்துவிட்டார்கள். 2023-இல் அதை 25 லட்சம் ஆக்கினார்கள். அதே 2023 மார்ச்சில் மருத்துவ உரிமைச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். உயிருக்கு ஆபத்து என்று வருகிறவரிடம் முன்பணம் கேட்காமல் முதலில் சிகிச்சை தர வேண்டும், அவரால் கட்ட முடியாத பணத்தை அரசு தரும், அவ்வளவுதான் அதன் சாரம். தனியார் மருத்துவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டுத் தெருவில் நின்றார்கள். கடைசியில் 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரிகளையும், அரசு நிலமோ சலுகையோ பெறாத ஆஸ்பத்திரிகளையும் சட்டத்தில் இருந்து விலக்குவதாக ஒப்புக்கொண்டு அரசு இறங்கிவந்தது. பணம் தருவதற்கு அரசு தயார். அவசரம் என்று வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல் இருக்க அவர்கள் தயாரில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அரசு பாக்கி வைத்தால் சிறிய ஆஸ்பத்திரி எப்படிச் சம்பளம் கொடுக்கும்? ஆனால் 25 லட்சத்துக்கு அட்டை இருந்தும் கதவு சாத்திக் கிடந்தால் அதை எங்கே நீட்டுவது?

கொஞ்சம் உங்கள் பக்கமே வருகிறேன். வாங்கல் பக்கம் காவிரிக் கரையில் ராத்திரி மடை திருப்பப் போனவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது என்று வையுங்கள். அவருக்கு முதலில் வேண்டியது விலை உயர்ந்த கருவி இல்லை. சுத்தமான, உலர்ந்த ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து, முதல் தவணையே 8 முதல் 10 குப்பி. ஒவ்வாமை வந்தால் சமாளிக்கத் தெரிந்த டாக்டரும் பக்கத்தில் நிற்க வேண்டும். மூச்சுத் திணறினால் வென்டிலேட்டர் இருக்கும் இடத்துக்கு ஏற்றிவிட வேண்டும். இந்த மருந்தை ராத்திரி இரண்டு மணிக்குத் தயாராக வைத்திருப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. எப்போது தேவைப்படும் என்று தெரியாது, தேவைப்படாமலே காலாவதியாகலாம். சின்ன நர்சிங் ஹோம்கள் 'பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க' என்று கையைக் காட்டுவது இதனால்தான். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்கு அவசியம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. வருகிற கணக்கு முழுசாக வந்தால் எந்த ஊரில் எவ்வளவு மருந்து வைக்க வேண்டும் என்பது தெரியும். இதெல்லாம் பேக்கேஜ் போட்டு வெளியே வாங்கக்கூடிய வேலை இல்லை.

விலை விஷயத்தையும் பார்ப்போம். அப்பாவுக்கு வைத்தது மருந்து பூசிய ஸ்டென்டாக இருக்கலாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. அதற்கு முன்னால் அதே சாமானுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் பில் போட்ட ஆஸ்பத்திரிகள் உண்டு. காப்பீட்டு நிறுவனம் பேரம் பேசி அந்த விலையைக் குறைக்கவில்லை, அரசு ஆணைதான் குறைத்தது. ஒருபக்கம் அரசு ஆஸ்பத்திரியிலும் இதே சிகிச்சை நடப்பதால்தான் பேக்கேஜ் தொகைக்குத் தனியாரும் சம்மதிக்கிறார்கள். போவதற்கு வேறு இடமே இல்லை என்று ஆன அன்று அந்தத் தொகை எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

செய்யும் சிகிச்சைக்குத் தக்க பணம் என்றால் எந்தச் சிகிச்சை கூடும் என்பதற்கும் ஒரு சாடை இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவீதம். இந்த 36-ம் மார்தட்டிக்கொள்ளும் எண் அல்ல, அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அப்புறம், நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கும் ஒன்று. ஜி.ஹெச்.சை மூடினால் டாக்டருக்கு எங்கே படிப்பீர்கள்? தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்துக்கு 2019-இல் வந்தது. வார்டில் நோயாளி இல்லாமல் மருத்துவக் கல்லூரி நடக்காது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த கார்டியாலஜிஸ்ட்டும் ஏதோ ஓர் அரசு ஆஸ்பத்திரி வார்டில் கை பழகியவராக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைகள் மலைக்கும் காட்டுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய வேலைக்குப் போவதற்குப் பெரிய காரணம், அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மேற்படிப்பில் இருந்த 50 சதவீத ஒதுக்கீடு. 2017-இல் அது பறிபோனபோது அரசு மருத்துவர்கள் போராடினார்கள். 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. சேவை மனப்பான்மையை மட்டும் நம்பி இந்த அமைப்பு கட்டப்படவில்லை. கிராமத்தில் சில வருடம் இருந்தால் எம்.டி. சீட்டு என்ற கணக்கும் சேர்ந்துதான் அதைத் தாங்குகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி அம்மாவின் வரிசை. அங்கே நான் உங்கள் கட்சி. மாத்திரை இலவசம் என்பதற்காக ஒரு பெண்மணியின் அரைநாளைப் பறிப்பது நியாயம் இல்லை. அதன் பலன் என்ன என்பதும் தெரிந்ததுதான். 2020-இல் தமிழ்நாட்டில் சுகர், பிரஷர் போன்ற தொற்றா நோய்களுக்காக எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு, சுகர் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான். மருந்து கிடங்கில் இருக்கிறது, ஆனால் மனிதர் தொடர்ந்து போட்டுக்கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு மாதாமாதம் வந்து நிற்க முடியாதவர் என்ன செய்வார், சும்மா விட்டுவிடுவார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடி வந்து மாத்திரை தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் இதற்கான பதில்தான். அதற்கு 2024-இல் ஐ.நா. விருதும் வந்தது.

விருது கிடக்கட்டும். வரிசை நீளக் காரணம் ஆள் பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறைக்குக் காரணம் அரசு. 2015-இல் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொன்னார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார வேண்டியதாயிற்று. கொரோனாவில் ஒப்பந்தத்துக்கு எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-உடன் போகச் சொன்னார்கள். இரண்டும் வெவ்வேறு கட்சிகளின் ஆட்சியில் நடந்தது. டாக்டர் தலைநிமிராததற்கு அவர் குணம் காரணமா, அன்று அவர் பார்த்தாக வேண்டிய கூட்டம் காரணமா என்று அம்மாவால் சொல்ல முடியாது. இரண்டு டாக்டர் இருந்தால் தெரிந்துவிடும். அதைத்தான் அந்தக் கட்டுரையில் கேட்டிருந்தேன்.

அம்மாவுக்கு இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலைய வி.ஹெச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அம்மாவிடமோ ஜி.ஹெச். நோட்டைக் காட்டி, மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். பதிந்துவிட்டால், தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுப்பார், மாதாமாதம் நிற்க வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வருகிறது என்று ஜி.ஹெச். பக்கமே போகாமல் இருந்துவிட வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறையாவது கண்ணின் உட்பக்கத்தையும் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அன்றே கையோடு கொண்டுபோங்கள், அதில் இருக்கும் மாத்திரைகளில் எதெல்லாம் அந்த ஜன்னலிலேயே கிடைக்கும் என்று பார்த்துவிடலாம்.