இரண்டாம் நிகாஹும் நாள் முறையும்: கேள்வி பதில்

கேள்வி (மேல்விஷாரம்): ஹஜ்ரத், முதல் மனைவி சம்மதிக்காவிட்டால் இரண்டாம் நிகாஹ் (திருமணம்) செல்லுமா?

பதில்: செல்லும். அவருடைய சம்மதம் நிகாஹுக்கு ஷர்த்து (நிபந்தனை) இல்லை. ஆனால் நான்கு வரை அனுமதிக்கும் குர்ஆன் அத்தியாயமான சூரத்துன் நிஸாவின் 3ஆம் வசனமே, நீதமாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளவும் சொல்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டுப் பேசுவது பெரிய அநியாயம். அரசு ஊழியராக இருந்தால், அனுமதியில்லாமல் இரண்டாம் மணம் முடிப்பது நடத்தை விதிப்படி வேலைக்கே ஆபத்து.

கேள்வி (ஆம்பூர்): ஷூ கம்பெனியில் எனக்கு நிரந்தர நைட் ஷிப்ட். இரண்டு மனைவியர் வீட்டுக்கும் நாள் முறை வைப்பது எப்படி?

பதில்: இரவு வேலைக்காரருக்குப் பகல்தான் முறை. காலையில் ஷிப்ட் முடிந்து எந்த வீட்டில் போய்த் தூங்குகிறீர்களோ, அன்று அந்த வீட்டு மனைவியின் முறை. வாரத்தில் 4 நாள் இங்கே, 3 நாள் அங்கே என்று நிலையாகப் பிரித்தால் கணக்கு உதைக்கும். லீவு நாளும் எப்போதும் ஒரே வீட்டுக்குப் போய்விடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வையுங்கள். வாரத்துக்கு 7 நாள் என்பதால் ஞாயிறு தானாகவே மாறி மாறி வரும். மாதவிடாய், நோய், பிள்ளைப்பேறு என்று எவருடைய முறையையும் வெட்டக் கூடாது. முறை என்பது கூடத் தங்குவதற்கு, உடலுறவுக்கு அல்ல. புது மனைவி கன்னி என்றால் 7 இரவு, மறுமணம் என்றால் 3 இரவு அவரோடு தொடங்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அது அவருக்குத் தனி உரிமை; நம் பக்கம் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபியில் அதே அளவு இரவுகளை மூத்தவருக்கும் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி (குடியாத்தம்): இருவரையும் ஒரே வீட்டில் வைக்கலாமா?

பதில்: இருவரும் மனமொப்பினால் மட்டும். இல்லையென்றால் தனிப் பூட்டு, தனி அடுப்பு, தனிக் கழிவறையோடு ஆளுக்கோர் இருப்பிடம் கொடுங்கள்.

கேள்வி (பேர்ணாம்பட்டு): மனைவியின் தங்கையை முடிக்கலாமா?

பதில்: மனைவி நிகாஹில் இருக்கும்வரை ஹராம். தலாக் ஆனாலும் இத்தா (மனைவியின் காத்திருப்புக் காலம்) முடியணும். அவருடைய அத்தை, சித்தி, உடன்பிறந்தார் மகள்களுக்கும் இதே தடை. மனைவி மவுத்தாகிவிட்டால் (இறந்துவிட்டால்) தடையில்லை.

கேள்வி (வாணியம்பாடி): கணவர் இரண்டாவது வீட்டிலேயே இருக்கிறார். செலவுக்கும் தருவதில்லை. குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேள் என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: சகோதரி, அவசரப்படாதீர்கள். குலாவில் பெரும்பாலும் மஹரை (கணவர் தரவேண்டிய மணக்கொடையை) விட்டுக்கொடுக்க வேண்டிவரும். முதலில் ஜமாஅத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, தேதி போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி, 2 ஆண்டு செலவுக்குத் தராததும், மனைவியரைக் குர்ஆன் சொன்னபடி சமமாக நடத்தாததும் தனித்தனியே கோர்ட்டில் விவாகரத்துக் கேட்கப் போதுமான காரணங்கள். அந்த வழியில் மஹர் உரிமை போகாது. ஜீவனாம்சம் தனியாகக் கேட்கலாம். கணவர் இன்னொரு மணம் முடித்ததே நீங்கள் பிரிந்து வாழ நியாயமான காரணம் என்று சட்டம் ஏற்கிறது. குலா பத்திரம் கையெழுத்துக்கு வந்தால், முதலில் வக்கீலிடம் காட்டுங்கள்.