கணையத்துக்கு ரத்தம் ஏன் குறைகிறது?

கேள்வி: மாரியம்மன் நோம்பிக்கு மறுநாள் என் தம்பிக்கு மேல்வயிற்றில் வலி எடுத்து முதுகு வரை பாய்ந்தது. பித்தப்பைக் கல்லால் கணைய அழற்சி என்றார்கள். முதல் நாள் ஸ்கேனில் “வெறும் வீக்கம்” என்ற டாக்டர், நான்கு நாள் கழித்து “ஒரு பகுதி ரத்தம் இல்லாமல் செத்துவிட்டது” என்கிறார். நர்சிங் படிக்கும் என் மகள், எண்டோதீலின் என்ற பொருள் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும் என்கிறாள். உடம்பே தன் கணையத்துக்கு ரத்தத்தை நிறுத்துமாங்க? தடுக்க மாத்திரை இல்லையா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மிணி சரியாகத்தான் படித்திருக்கிறது. எண்டோதீலின் 21 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதத் துண்டு. 1988இல் ஜப்பானில் யனகிசாவா, மசாகி குழுவினர் பன்றியின் பெருந்தமனியிலிருந்து எடுத்த செல்களில் கண்டுபிடித்தார்கள். ரத்தக்குழாயின் உள்பூச்சு இதைச் சுரக்கும்; சுற்றியுள்ள தசை இறுகும். ஆஞ்சியோடென்சின், வாசோபிரெசின் இரண்டும் இதே வேலை செய்யும் பங்காளிகள். அளவோடு இருந்தால் மூன்றும் நமக்கு வேண்டியவைதான்.

கணையத்துக்கு வரும் ரத்தக்குழாய்கள் பிரிந்து பிரிந்து, கடைசியில் ஒவ்வொரு சிறு மடலுக்கும் ஒற்றைக் குழாயாகப் போய் முடிகின்றன. கீழ்பவானிப் பாசனத்தில் கடைமடைத் தோட்டம் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. மேலே மடையைக் கொஞ்சம் இறக்கினால் முதலில் காய்வது அவர் வயல்தான். வேறு வழியாகத் தண்ணீர் வராது.

கல் அடைத்ததும், குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்கின்றன. ரத்தக்குழாயின் உள்பூச்சு புண்படுகிறது, எண்டோதீலின் ஏறுகிறது, நுண்குழாய்கள் இறுகுகின்றன. அதே நேரம் ரத்தத்தின் நீர் திசுவுக்குள் கசிய, மிச்ச ரத்தம் கெட்டியாகி ஊர்ந்து போகிறது. வீங்கிய இடம் செத்த இடமாவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. லேசான அழற்சியுள்ள எலிக்கு எண்டோதீலினை ஏற்றிப் பார்த்தபோது அழற்சி கடுமையானது.

இன்னொன்று: செத்த பகுதி முதல் நாள் ஸ்கேனில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது, மூன்று நாளாவது ஆக வேண்டும். டாக்டர் பேச்சை மாற்றிவிட்டார் என்று ஒறம்பரை யாராவது சண்டைக்குக் கிளம்பினால் நிறுத்தி வையுங்கள்.

மாத்திரைக்கு வருவோம். எண்டோதீலினைத் தடுக்கும் போசென்டான் என்ற மருந்து இருக்கிறது, ஆனால் அது நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்கு. கணையத்துக்கு எலிகளில் சில சோதனை கைகொடுத்தது, சிலது கொடுக்கவில்லை. எண்டோதீலின் போய் உட்காரும் இடம் இரண்டு வகை. ஒன்று குழாயைச் சுருக்கும், உள்பூச்சில் உள்ள மற்றொன்று விரிக்கும். எதைத் தடுப்பது என்பதே சிக்கல். அதோடு, எலிக்கு அழற்சி கிளம்புவதற்கு முன்பே மருந்து கொடுக்கலாம். நம் ஆட்கள் சோடா குடித்து, ஓமத்தண்ணி குடித்து, மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டு, விடிந்த பிறகுதானே வருகிறார்கள்?

அதனால் இன்று கையில் இருப்பது டிரிப்ஸ்தான். சிறுநீர், நாடி, ரத்தத்தின் கெட்டி பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். அள்ளி ஊற்றினாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். செத்த பகுதியை உடனே அறுத்து எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். சீழ் பிடித்தாலும், முடிந்தவரை நான்கு வாரம் போல் பொறுத்துச் செய்வதே இப்போதைய வழக்கம்.

கேள்வி: மாமனாருக்கு இதய ஆபரேஷன் முடிந்து கணைய அழற்சி வந்தது. குடியும் இல்லை, கல்லும் இல்லை. எப்படி?
– வாசகர், திருப்பூர்

பதில்: பிரஷர் இறங்கும்போது உடம்பு மூளையையும் இதயத்தையும்தான் முதலில் பார்க்கும். ஆஞ்சியோடென்சினும் வாசோபிரெசினும் வயிற்றுப் பக்கத்துக் குழாய்களை இறுக்கி ரத்தத்தை மேலே அனுப்பும். அதில் கணையம் அடிபடலாம். அவருக்கு அப்படித்தான் நடந்ததா என்பதை ஆபரேஷன் செய்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: பி.பி.க்கு எனாலாப்ரில் சாப்பிடுகிறேன். அது கணையத்தைக் கெடுக்கும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். நிறுத்திவிடட்டுங்களா?
– வாசகர், காங்கேயம்

பதில்: நிறுத்தாதீங்க. இந்த மாத்திரை ஆஞ்சியோடென்சின் உருவாவதைக் குறைக்கிறது. கணையத்துக்குள்ளேயே அதைத் தயாரிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. எலிகளில் அதைத் தடுத்தால் இன்சுலின் சுரக்கும் திட்டுகளுக்கு ரத்தம் கூடுகிறது. அண்ணன் சொல்வதும் கட்டுக்கதை இல்லை. மிக அரிதாக இதே மாத்திரையால் அழற்சி வருவதுண்டு. முதுகுக்குப் பாயும் வயிற்றுவலி வந்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லி, அன்றே லிபேஸ் என்ற கணைய நொதிக்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இந்த வகை மாத்திரையில் முதலாவதான கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், எண்டோதீலினை அச்சாக ஒத்த பொருளும் இன்னொரு பாம்பின் விஷத்தில் இருக்கிறது. அந்தப் பாம்பு இஸ்ரேல் பக்கம் மண்ணுக்குள் வாழ்கிறது.