2000-க்கு முந்தைய தமிழ் இணையப் பக்கங்கள் ஏன் கிறுக்கலாகத் தெரிகின்றன? மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். அன்று தமிழை ஒரே முறையில் சேமிக்கவில்லை. பல இதழ்கள் தமக்கென ஒரு எழுத்துரு வைத்திருந்தன. வாசகர் அதை இறக்கி நிறுவினால்தான் படிக்கலாம், இல்லையேல் கிறுக்கல்தான். 1999 சென்னை தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல்களை) ஏற்றது. இன்னொரு பக்கம் டிஸ்கி என்ற குறியாக்கம் பரவியது. ஈழத்தவரிடையே பாமினி என்ற எழுத்துரு.

முதலில் கிறுக்கலைப் பாருங்கள். மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் என்றால் டிஸ்கி, டாப் போன்றவை. வெறும் ஆங்கில எழுத்துகள் என்றால் அநேகமாகப் பாமினி: அதில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே கிடக்கும்.

அசலைப் பிரதி எடுத்துவிட்டு, ஒரே ஒரு வரியை, இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றும் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருளில் போட்டுப் பாருங்கள். வரி சரியாக வந்தபின் முழுவதையும் மாற்றலாம்.

சிக்கல் வருவது இரண்டு இடங்களில். டிஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் க முதலில் வரும். மென்பொருள் இதைக் கவனிக்காவிட்டால் கொம்பு புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும், அதைத் தேடித் திருத்துங்கள். பாமினியில் ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும்; அவற்றை முன்கூட்டியே பிரித்து வையுங்கள். டிஸ்கியில் இந்தத் தொல்லை இல்லை, ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய 128 எண்களை அது தொடவில்லை.